உள்ளங்கால்

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

இந்த டைரியை வாங்கிக் கொடுத்தது என் வீட்டுக்காரர். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தின இந்த நாற்பது நாளும், முடிகிற வரைக்கும் தினமும் சாயங்காலம் உட்கார்ந்து, தன்னைத் தானே சோதித்துப் பார்த்து, அன்றன்றைக்குச் செய்த பாவங்களை எழுத வேண்டுமாம். சின்னது பெரியது என்று கிடையாதாம். எந்தப் பாவத்தையும் விடக்கூடாதாம். சரி, எழுதுகிறேன். யாருடைய பாவத்தை என்று அவர் சொல்லவில்லை.

அவர் பெயர் எபனேசர். கம்பி, சிமெண்ட் வியாபாரம். கடை கீழே, வீடு மாடியில். போன டிசம்பரில் கன்வென்ஷன் பிரசங்கக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து இரட்சிக்கப்பட்ட மனுஷர். அதற்கு முன்னால் அறுபது வருஷம் கோயிலுக்குப் போய்வந்ததெல்லாம் கணக்கில் இல்லை.

இன்று ஆராதனை முடிந்து ஜெபக்குழு ஆட்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் ஒரு பொருத்தனையை அறிவித்தார். ஈஸ்டர் வரை செருப்பே போடமாட்டாராம். நம் சபையில் யாரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"உங்களுக்கு சுகர் இருக்கு. காலு மரத்துப்போய்க் கெடக்கு, சுடுதண்ணிய ஊத்துனாலும் தெரிய மாட்டேங்கு. கடை பூரா கம்பித் துண்டு. செருப்பு போடாம எப்படி?" என்று கேட்டேன். காபித் தட்டோடு நின்றுகொண்டுதான் கேட்டேன். கோபமாகக்கூட இல்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவர்களைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தீங்களா பிரதர், சாத்தான் வெளியில இருந்து வரமாட்டான். அடுக்களைக்குள்ள இருந்துதான் வருவான்."

எல்லோரும் சிரித்தார்கள். குழுவின் தலைவர் ஆல்வின், "சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. இனி அவர் கால், அவர் பாடு.

பிப்ரவரி 16, வெள்ளி

டிவியைக் கழற்றிப் பரணில் போட்டாகிவிட்டது. அது பாவமாம். பேப்பரை நிறுத்தியாகிவிட்டது. சினிமா விளம்பரம் வருகிறதாம். எதிர்வீட்டுக் கல்யாணத்துக்குப் போகக்கூடாதாம், பாட்டுக் கச்சேரி வைத்திருக்கிறார்களாம். என்னுடைய காபியையும் விடச் சொன்னார். "விட முடியாது" என்றேன். "இச்சை" என்றார். இரண்டு டம்ளர் குடித்தேன்.

இன்றைக்கு என் பாவம்: அந்த இரண்டாவது டம்ளர் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

புட்டு, கடலை. துணி துவைத்தேன். வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

அவர் ஊர் முழுக்கப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார். முதலில் கடைக் கணக்கர் பொன்னுச்சாமி. என்றைக்கோ அவரைத் திருடன் என்று சொன்னாராம், அதற்காக. பொன்னுச்சாமி பயந்துபோய், "மொதலாளி, என்னைய வேலைய விட்டு நிப்பாட்டப் போறீங்களா?" என்று கேட்டாராம். அப்புறம் டீக்கடைக்காரர். அப்புறம் பால்காரர். அவரிடம் என்ன பாவம் செய்தார் என்று பால்காரருக்கே தெரியவில்லை. நேற்று தம்பி ஜெயசிங் வீட்டுக்குப் போய், பழைய வரப்புச் சண்டைக்காகக் காலில் விழுந்திருக்கிறார். ஜெயசிங் பெண்டாட்டி எனக்குப் போன் பண்ணி அழுதாள். "அத்தானா இப்படி மாறிட்டாங்க!" என்றாள்.

இன்று சாயங்காலம் சீக்கிரமே வேலையை முடித்துவிட்டு, பச்சைச் சேலை கட்டி ஹாலில் உட்கார்ந்திருந்தேன். கடையை அடைத்துவிட்டு மேலே வந்தார். என் எதிரே உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"சுகிர்தா."

"சொல்லுங்க."

"நாளைக்கு உபவாசம். எனக்கு சோறு வைக்காத."

எழுந்து போய்விட்டார்.

நான் ஒன்றும் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. அந்தச் சேலையைக் கட்டி நாளாகிறது என்று கட்டினேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

கோயில். நான் வழக்கம்போல இடது ஓரத்துப் பெஞ்சில், சுவரை ஒட்டி. அங்கே உட்கார்ந்தால்தான் வலது காது பிரசங்க பீடத்தைப் பார்த்து இருக்கும். புதிதாக வந்த ஒருத்தி சுவருக்கும் எனக்கும் நடுவில், இடது பக்கம் நெருக்கி உட்கார்ந்து ஏதோ கேட்டிருக்கிறாள். பதில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு போய்விட்டாள். போகட்டும்.

இவர் வெறுங்காலோடு போய்க் காணிக்கைத் தட்டு எடுத்தார். எல்லோர் கண்ணும் அந்தக் கால் மேலே.

மார்ச் 1, வியாழன்

சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் அவர் முன்னால் முழங்கால்படியிடுவார். எனக்கு மூட்டு வலி. அதனால் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். இன்று அவர் குனிந்தபோது இரண்டு உள்ளங்காலும் என்னைப் பார்த்தபடி மேலே திரும்பியிருந்தன. வலது காலில், பெருவிரலுக்குக் கீழே, கட்டுக்கம்பித் துண்டு ஒன்று ஏறியிருந்தது. முனை மட்டும் வெளியே தெரிந்தது. அதைச் சுற்றித் தோல் வெளுத்து ஊறியிருந்தது. எப்போது ஏறியதோ. அவருக்கு உணர்வே இல்லை.

"ஏங்க" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதே நேரத்தில் அவர் குரலை உயர்த்தினார். "ஆண்டவரே, இந்த வீட்டுல ஒரு கல்லான இருதயம் இருக்கு. அத நீர் நொறுக்கும். உம்முடைய சுத்தியலால அடிச்சு நொறுக்கும்!"

வாயை மூடிக்கொண்டேன்.

ஆமென் சொல்லி எழுந்தார். அந்தக் காலை ஊன்றித்தான் எழுந்தார். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

மார்ச் 3, சனி

மீன் குழம்பு. இன்றும் பார்த்தேன். முனை உள்ளே போய்விட்டது. இப்போது ஒரு கறுப்புப் புள்ளிதான் தெரிகிறது.

அவருக்குத் தொப்பை. குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடியாது. ஆனால் கண்ணாடி இருக்கிறது. டாக்டர் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லித்தான் இருக்கிறார். பார்த்துக்கொள்ளட்டும். தன்னைச் சோதித்துப் பார்க்கிறவர் காலைச் சோதித்துப் பார்க்க மாட்டாரா?

மார்ச் 6, செவ்வாய்

இன்று கோணல்மாணலாகத்தான் எழுத வரும்.

ஜெபக்குழு வந்தது. பாட்டுப் பாடி முடித்ததும் இவர் எழுந்து, "என் மனைவிக்காக ஒரு விண்ணப்பம் பிரதர். அவளுக்கு இடது காது கேக்காது. எங்க பையன் ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது டைபாய்டு காய்ச்சல் வந்துச்சு. அதுல போன காது. ஆண்டவர் அதத் திறக்கணும்" என்றார்.

நான் "வேண்டாம்" என்றேன். ஆல்வின் அதற்குள் என் தலையில் கையை வைத்துவிட்டார். அவர் பெண்டாட்டி பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆல்வின் இடது காதுக்குள் விரலை விட்டுக்கொண்டு ஏதோ கத்தினார். என்ன கத்தினார் என்று எனக்கெப்படித் தெரியும்? காற்று மட்டும் வந்தது.

"கேக்குதா சிஸ்டர்?"

"வலது காதுல கேக்குது" என்றேன்.

"விசுவாசம் பத்தல" என்று இவரைப் பார்த்துச் சொன்னார். இவர் கண் கலங்கி நின்றார். எனக்காக! அந்தக் கண்ணீரைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் மாதிரி வாழ்நாளில் எனக்கு வந்ததில்லை.

அவர்கள் போனதும் கேட்டேன். "டைபாய்டா?"

"ஆமா. மறந்துட்டியா? ஆஸ்பத்திரிக்கெல்லாம் போனோமே."

"ஆஸ்பத்திரிக்குப் போனோம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

போனது உண்மை. நடந்தது இது: அன்றைக்குத் தம்பி ஜெயசிங் சாப்பிட வந்திருந்தான். அவர்கள் அப்பா இந்த வீட்டைக் கட்டிய வருஷத்தை இவர் தப்பாகச் சொன்னார். நான் திருத்தினேன். ஜெயசிங் சிரித்தான், "மதினி சொல்லுததுதான் சரி" என்றான். அவன் போனதும் இவர் அடுக்களைக்கு வந்தார். ஒரே அறை. அடுப்பு ஓரத்தில் போய் விழுந்தேன். காதிலிருந்து ரத்தம் வந்தது. டாக்டரிடம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். சொந்தக்காரர்களிடம் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டார். சொல்லிச் சொல்லி இப்போது அவருக்கே அது காய்ச்சலாகிவிட்டது.

பொய் சொன்னால் சண்டை போடலாம். இவர் நம்புகிறார். நம்பிக்கொண்டு ஆண்டவரிடம் அழுகிறார். அவரை என்ன செய்வது?

அந்தக் கால் ஜெபத்தின்போது இன்று ஒரு மாதிரி மஞ்சளாக இருந்தது.

மார்ச் 9, வெள்ளி

படுக்கை விரிப்பில் கறை. கால் மாட்டில், அவர் பக்கம். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து உருவிச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். புதிதாக ஒன்றை விரித்தேன். அதுவும் கறுப்பு நீலம்தான். வெள்ளைத் துணியெல்லாம் பீரோவில் இருக்கிறது, எடுக்கச் சோம்பல்.

மார்ச் 11, ஞாயிறு

கோயிலில் சாட்சி சொன்னார். பீடி, சீட்டாட்டம், கலப்படம், கோபம், பொறாமை, கண்ணின் இச்சை. ஒவ்வொன்றாக விட்டுவிட்டாராம். நிறையப் பேர் அழுதார்கள். கடைசியில் இதைச் சொன்னார்:

"ஆனா ஒண்ணு. அந்த இருட்டுக் காலத்துலகூட, கட்டுனவ மேல நான் ஒரு நாளும் கை ஓங்குனதில்ல. அந்தப் பாவத்துக்கு ஆண்டவர் என்னை விலக்கிக் காத்தார்."

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் வெள்ளையடித்தவன் தூரிகையின் மயிர் ஒன்று ஒட்டிக் காய்ந்திருந்தது. அதையே பார்த்தேன்.

வெளியே வந்ததும் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "நீங்க குடுத்துவச்சவங்க." "எங்க வீட்டுலயும் இருக்காங்களே." போதகர் இவர் கையைப் பிடித்து, பெரிய வெள்ளியன்று, சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தை தியானத்தில் முதல் வார்த்தையை நீங்கள்தான் பேச வேண்டும் என்றார். மன்னிப்பைப் பற்றிய வார்த்தை. பொருத்தம்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் கொஞ்சம் சாய்ந்து நடந்தார். ரோடு சுடுகிறதா என்று கேட்டேன். "ஒண்ணும் தெரியல. கிருபை" என்றார்.

மார்ச் 13, செவ்வாய்

அவருக்குக் குளிர். போர்வை கேட்டார். உபவாசத்தால் உடம்பு பலவீனமாக இருக்கிறது என்கிறார்.

சென்னையிலிருந்து ஜெரால்ட் போன் பண்ணினான்.

"அப்பா எப்படிம்மா இருக்காங்க?"

"ரொம்பப் பரிசுத்தமா இருக்காங்க."

"சுகர் பாத்தீங்களா? உபவாசம் இருந்தா மாத்திரைய என்ன செய்யுதாங்க? பாக்கச் சொல்லும்மா."

"சொல்லுதேன்" என்றேன்.

சொல்லவில்லை.

மார்ச் 14, புதன்

கால் வீங்கியிருக்கிறது. வீட்டில் ஒரு வாடை. எலி செத்துவிட்டதோ என்று பீரோவுக்குப் பின்னால் தேடினார். நானும் டார்ச் அடித்துக் காட்டினேன்.

மார்ச் 16, வெள்ளி

மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். அதட்டலாக இல்லை. குரல் சின்னதாக இருந்தது.

"சுகிர்தா, வலது கால் கனமா இருக்கு. அடியில ஏதும் இருக்கான்னு பாரேன். எனக்குக் குனிய முடியல."

காலைத் தூக்கி என் மடியில் வைத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் காலை மடியில் வைத்துப் பார்த்ததில்லை. சூடாக இருந்தது. பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்ல" என்று சொன்னேன்.

"ஸ்தோத்திரம்" என்றார்.

மார்ச் 17, சனி

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 18, ஞாயிறு

கோயிலுக்குக் கிளம்பும்போது மாடிப்படியில் விழுந்துவிட்டார். நினைவில்லை. பொன்னுச்சாமியும் பக்கத்துக் கடைக்காரரும் தூக்கி வேனில் ஏற்றினார்கள். பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரி. சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்ததாம். டாக்டர் சின்னப் பெண், எங்கள் ஜெரால்ட் வயசுதான் இருக்கும். காலைத் திருப்பிப் பார்த்தாள். மூக்கைச் சுளிக்கவில்லை. அது எனக்கு அவமானமாக இருந்தது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு? வீட்டுல யாருமே பாக்கலையா?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் இவர் பதில் சொன்னார். அப்போதுதான் கண் திறந்திருந்தார், வார்த்தை குழறியது. "வெள்ளிக்கிழம கூட இவ பாத்தா டாக்டர். ஒண்ணுமில்ல. அவளுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். இது ரெண்டு நாளைக்குள்ள வந்தது. ஆண்டவர் சோதிக்காரு."

டாக்டர் என்னைப் பார்த்தாள். ரெண்டு நாளில் வருகிற புண் எது, வராத புண் எது என்று அவளுக்குத் தெரியாதா? ஆபரேஷன் பேப்பரை நீட்டினாள். கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன்.

மார்ச் 20, செவ்வாய்

பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். உள்ளேயிருந்து கம்பித் துண்டு வந்ததாம். ஜெரால்ட் வந்திருக்கிறான். அவன்தான் ஆபரேஷன் அறைக்கு வெளியே நின்றான். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 22, வியாழன்

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் இவர் என்னைப் பற்றிச் சொல்கிறார். "இவ இல்லன்னா நான் இல்ல. ராத்திரி பகலா நாற்காலியிலயே கெடக்கா." வருகிறவர்கள் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒருத்தி ஹார்லிக்ஸ் பாட்டிலை எனக்கென்று தனியாக வாங்கி வந்தாள்.

அவர் திட்டியபோது எனக்கு வெறுப்பு சுலபமாக இருந்தது. இப்போது அவர் புகழ்கிறார். இந்த மனுஷர் எப்படிப் போனாலும் எனக்கு வழிவிட மாட்டார்.

மார்ச் 25, குருத்தோலை ஞாயிறு

பக்கத்துக் கோயில் பிள்ளைகள் ஓலையைத் தூக்கிக்கொண்டு ஓசன்னா பாடிப் போகிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. நேற்று இரண்டாவது ஆபரேஷன். பாதத்தின் முன்பாதி போய்விட்டது. இதோடு நின்றால் கணுக்கால் தப்பும் என்கிறார்கள்.

போதகர் திருவிருந்து கொண்டுவந்தார். இவருக்குக் கொடுத்துவிட்டு அப்பத்தட்டை என் பக்கம் நீட்டினார்.

"எனக்கு வேண்டாம் ஐயா."

இவர் தூக்கத்தில் இருந்தார், மருந்து. போதகர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு என்னம்மா என்று கேட்டார். சொன்னேன். கம்பியை முதல் நாளே பார்த்ததைச் சொன்னேன். விரிப்பைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை மடியில் வைத்துப் பார்த்ததைச் சொன்னேன். காதைப் பற்றிச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அதற்குள் ஒளிந்துகொள்வேன் என்று தோன்றியது.

அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "எங்கிட்டச் சொல்லி என்னம்மா? காலு அவரோடதுல்ல" என்றார்.

எரிச்சலாக இருந்தது. ஜெபம் பண்ணி அனுப்பிவிடுவார் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 30, பெரிய வெள்ளி

மத்தியானம் கோயிலில் ஏழு வார்த்தை தியானம் நடக்கிற நேரம். இவர் பேச வேண்டிய முதல் வார்த்தையை ஆல்வின் பேசுகிறாராம். இவர் அதையே சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். "நான் என்ன பேசணும்னு எல்லாம் மனசுக்குள்ள வச்சிருந்தேன். மன்னிப்பப் பத்தி."

ஜெரால்ட் சாப்பிடப் போயிருந்தான்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன். "உங்க கால்ல கம்பி ஏறியிருந்தத நான் பாத்தேன். ஜெபத்துல முழங்கால் போட்டிருந்தீங்க, அப்பவே பாத்தேன். தினமும் பாத்தேன். சொல்லல. நீங்க பாக்கச் சொன்னன்னிக்கு சீழ் வடிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணுமில்லன்னு வேணும்னேதான் சொன்னேன்."

முதலில் அவருக்குப் புரியவில்லை. சிரிக்கப் பார்த்தார். அப்புறம் முகம் மாறியது. கட்டுப் போட்டிருந்த காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏட்டி... என்ன சொல்லுத?"

திரும்பவும் சொன்னேன். வார்த்தை மாறாமல் சொன்னேன்.

"கொலைகாரி" என்றார். சத்தமில்லாமல் சொன்னார். "கட்டுன புருஷன... நான் உனக்கு என்னட்டி கொற வச்சேன்? என்ன பாவம் செஞ்சேன் உனக்கு?"

"என் காத அடிச்சுச் செவிடாக்குனீங்க."

"டைபாய்டு!"

"டைபாய்டு இல்ல."

"நான் அடிக்கல. பொய். உன் பாவத்த மறைக்க என் மேல ஏத்துத. சாத்தான்தான். நான் அன்னைக்கே சொன்னேன்."

"அதுவும் சரியா இருக்கலாம்" என்றேன். "ஆனா அடிச்சது நீங்கதான்."

நர்சைக் கூப்பிட மணியை அடித்தார். "இவள வெளிய போகச் சொல்லு" என்றார். போனேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். சொன்னால் பாரம் இறங்கும் என்று ஆயிரம் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. பசித்தது. கேண்டீனில் போய் இரண்டு இட்லி சாப்பிட்டேன்.

ஏப்ரல் 1, ஈஸ்டர்

இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. நான் கொடுத்தால் மாத்திரை வாங்குவதில்லை. நர்ஸ் கொடுத்தால்தான். ஜெரால்ட் பார்த்துக்கொண்டே இருந்தான். இன்று காலை பொறுக்க முடியாமல் கேட்டான்.

"ஈஸ்டரும் அதுவுமா ரெண்டு பேரும் ஏன் இப்படி இருக்கீங்க? என்ன நடந்துச்சு?"

அவர் சொல்வார் என்று பார்த்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நானே சொன்னேன். பெற்ற பிள்ளையிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அவன் முகம் வெளிறிக்கொண்டே வந்தது.

"ஏம்மா? ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

அப்போது இவர் திரும்பினார். "ஏன்னு கேளு. நல்லாக் கேளு. நான் இவ காத அடிச்சுச் செவிடாக்குனேனாம். நீ ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது. அதுக்குப் பழி வாங்குதாளாம். டைபாய்டுல போன காதுக்கு!"

ஜெரால்ட் தலையைக் குனிந்துகொண்டான்.

"டைபாய்டு இல்லப்பா" என்றான்.

"என்னல?"

"நான் கதவுக்குப் பின்னால நின்னேன். நீங்க அடிச்சீங்க. அம்மா அடுப்புப் பக்கத்துல விழுந்தாங்க. அப்புறம் என்னை வெளிய கூட்டிட்டுப் போய் ஐஸ் வாங்கிக் குடுத்தீங்க. யாராவது கேட்டா அம்மாவுக்குக் காய்ச்சல்னு சொல்லணும்னு சொன்னீங்க. ஸ்கூல்ல டீச்சர் கேட்டாங்க. காய்ச்சல்னு சொன்னேன்."

அவன் அங்கே நின்றது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இவர் வாய் திறந்திருந்தது. கை மட்டும் போர்வையைப் பிடித்துப் பிடித்து விட்டது.

நான் ஜெரால்டின் தோளைத் தொட்டேன். உதறிவிட்டான். "தொடாதீங்கம்மா. அப்பா செஞ்சது அப்பா செஞ்சது. நீங்க செஞ்சது நீங்க செஞ்சது. எனக்கு ரெண்டு பேரையும் பாக்கப் பிடிக்கல." வெளியே போய்விட்டான். அவனுக்கென்று வாங்கி வைத்திருந்த பிரியாணியை அப்படியே விட்டுவிட்டான்.

அறையில் நாங்கள் இருவரும் இருந்தோம். தூரத்தில் எங்கோ மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஏப்ரல் 4, புதன்

நாளை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். டாக்டர் வந்து, "இனிமே தினமும் ரெண்டு காலையும் ஒருத்தர் பாக்கணும். அடியில, விரல் இடுக்குல, எல்லாம். வீட்டுல யார் பாப்பீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு நர்ஸ ஏற்பாடு பண்ணிக்கிடுதோம்" என்றார் இவர்.

டாக்டரிடம் நானே சொன்னேன். "அன்னைக்கு நீங்க கேட்டீங்களே, வீட்டுல யாரும் பாக்கலையான்னு. நான் பாத்தேன் டாக்டர். முன்னாடியே பாத்தேன்." அவள் எழுதுவதை நிறுத்தினாள். "இப்ப ஏன் எங்கிட்டச் சொல்றீங்க?" என்றாள். கோபமாகத்தான் கேட்டாள். நியாயம்தான்.

ஏப்ரல் 8, ஞாயிறு

ஜெரால்ட் சென்னைக்குப் போய்விட்டான். போகும்போது அப்பாவிடம் "வாரேன்" என்றான், என்னிடம் "மாத்திரைய நேரத்துக்குக் குடுங்க" என்றான். இருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜெபக்குழு வந்தது. இவர் கதவைத் திறக்க வேண்டாம் என்றார். ஆல்வின் படியில் நின்று கொஞ்ச நேரம் கூப்பிட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் ஜெபம் இல்லை. சாயங்காலம் அந்த நேரம் வந்தால் அவர் ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கிறார். நான் அடுக்களையில் இருக்கிறேன். சண்டையும் இல்லை. சண்டை போட்டாலாவது தேவலை.

என்னை நானே கேட்டுப் பார்த்தேன், செய்ததற்கு வருத்தம் இருக்கிறதா என்று. அந்தக் காலை நினைத்தால் இருக்கிறது. அந்த மனுஷரை நினைத்தால் இன்னும் இல்லை. உள்ளதை எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் 12, வியாழன்

இன்று நர்ஸ் வரவில்லை. அவள் பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறதாம், போனில் சொன்னாள். நான் போய் அவரிடம் சொன்னேன். "சரி" என்றார். நான் திரும்பி நடந்தேன். பின்னால் அவர் ஏதோ சொல்லியிருக்கிறார், கேட்கவில்லை. வாக்கரின் சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். எழுந்து வந்துகொண்டிருந்தார். எழுந்து நடக்கும்போது யாராவது கூட இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"எதுக்கு எந்திரிச்சீங்க?"

"எந்தக் காது?" என்றார்.

"என்ன?"

"எந்தக் காதுன்னு கேட்டேன். ஜெபத்துல இடதுன்னு சொன்னேன். சும்மா வாயில வந்துச்சு. நிஜமா எதுன்னு எனக்குத் தெரியல. ரெண்டு நாளா யோசிக்கேன். தெரியல."

"இடதுதான்" என்றேன்.

அவர் தன் கையைப் பார்த்தார். வலது கை. எதிரே நிற்கிறவளை அந்தக் கையால் அடித்தால் எந்தப் பக்கம் விழும் என்று கணக்குப் பார்க்கிற மாதிரி மெதுவாக அதைத் தூக்கினார். நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். வேண்டுமென்று நகரவில்லை. உடம்பு தானாக நகர்ந்தது. அதை அவர் பார்த்தார். கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

"ஆண்டவரே" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. எந்த விஷயத்துக்கும் மணிக்கணக்காக ஜெபிக்கிற மனுஷர், வார்த்தை இல்லாமல் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் சொன்னார். "காய்ச்சல் இல்ல சுகிர்தா. நான் அடிச்சேன்."

"ஆமா."

"உன்னால என் காலு போச்சு."

"ஆமா."

வேறு எதுவும் அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை இருவர் வாயிலும் வரவில்லை. வந்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அவரும் நம்பியிருக்க மாட்டார்.

நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். என்னைப் பார்க்காமல் அதை என் பக்கம் நீட்டினார்.

"பாரு" என்றார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து கட்டை அவிழ்த்தேன். விளக்கைப் போட்டேன். அடியைப் பார்த்தேன், ஓரங்களைப் பார்த்தேன். இன்னொரு காலையும் தூக்கி, விரல் இடுக்கெல்லாம் பார்த்தேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்வேன் என்று அவருக்குப் பயம். எனக்கும்தான்.

"தையல் போட்ட இடத்துல ஓரமா செவந்திருக்கு" என்றேன். "ஒரு இடத்துல கொஞ்சம் நீர் கசியுது. குதிகால்ல புதுசா ஒரு வெடிப்பு. இப்பவே டாக்டர்ட்டப் போகணும்."

"இப்பவேயா?"

"இப்பவே. பொன்னுச்சாமிய ஆட்டோ கூப்பிடச் சொல்லுதேன்."